ஜன்னல் கம்பியில் கறுப்புத் தூசி, குழாயில் உப்புக்கறை: கும்மிடிப்பூண்டி பக்கம் வீட்டை எப்படிச் சுத்தம் செய்யலாம்?

கும்மிடிப்பூண்டியில் இருக்கும் என் சித்தி வீட்டுக்குப் போனால், சித்தப்பா முதலில் காட்டுவது ஜன்னல் கம்பியைத்தான். காலையில் ஈரத்துணியால் துடைத்த கம்பியைச் சாயந்திரம் ஒரு விரலால் இழுத்துக் காட்டுவார். விரல் நுனி கறுப்பாக இருக்கும். "பாத்தியாம்மா, இதுக்குத்தான் உன் சித்தி நாள்பூரா துடைச்சுக்கிட்டே இருக்கா" என்பார். சமையலறையிலிருந்து சித்தி குரல் வரும்: "துடைக்கிறது நான், காட்டுறது அவரு!"

சிப்காட் பகுதியைச் சுற்றிக் குடியிருக்கும் எல்லோருக்கும் இந்தக் கறுப்புத் தூசி தெரியும். இரும்பை உருக்கும் ஆலைகள், உருட்டாலைகள், நாள் முழுக்க ஓடும் லாரிகள். கொஞ்சம் தெற்கே வந்தால் அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல். இதோடு போர் தண்ணியின் உப்புக்கறையும் சேர்ந்துகொள்ளும். இந்த ரெண்டையும் சமாளிக்க நம்ம ஆட்கள் என்ன செய்கிறார்கள்? சைக்கிளில் வருபவரிடம் பினாயிலும் ஆசிட்டும் வாங்கி, தாராளமாக ஊற்றித் தேய்க்கிறார்கள். வீடு பளிச்சென்றுதான் ஆகிறது. ஆனால் அந்த பக்கெட் தண்ணி கொல்லைப்புறம் போய் எங்கே சேர்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

பசுமைச் சுத்தம் என்றதும் இணையத்தில் எலுமிச்சைத் தோலும் லாவண்டர் வாசனையும் வந்து நிற்கின்றன. அதெல்லாம் காற்றும் தண்ணியும் நன்றாக இருக்கிற ஊருக்கு. நம்ம பக்கம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. உள்ளே வருகிற தூசியைக் காற்றில் பறக்கவிடாமல் எப்படி எடுப்பது? கடினத் தண்ணியை ஆசிட் இல்லாமல் எப்படிச் சமாளிப்பது? பக்கெட் தண்ணியை யாருக்கும் கெடுதல் இல்லாமல் எங்கே விடுவது?

முதலில் தண்ணி, அப்புறம்தான் துடைப்பம்

தூசி அதிகம் இருக்கிற வீட்டில் காய்ந்த தரையைப் பூந்துடைப்பத்தால் வேகமாகப் பெருக்கினால், கண்ணுக்குத் தெரியும் மண்ணும் முடியும் ஓரமாகப் போகும். நுண்ணிய தூசி எழும்பி, அரை மணி நேரம் கழித்துத் திரும்ப அதே தரையில் உட்காரும். நடுவில் அதைச் சுவாசிப்பது நாம்தான். அதனால் வரிசையை மாற்றுங்கள். ஜன்னல் கம்பி, ஜன்னல் விளிம்பு, அலமாரி மேல்தட்டு ஆகியவற்றை முதலில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, தரையில் லேசாகத் தண்ணி தெளித்து மெதுவாகப் பெருக்கி, பிறகு மாப் போடுங்கள். வாசல் தெளித்துப் பெருக்குகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. அதையே வீட்டுக்குள்ளும் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான்.

இதற்கு எந்தத் திரவமும் தேவையில்லை. சாதாரணத் தண்ணியும் பழைய பருத்தி வேட்டித் துணியும் போதும். பனியன் துணி இன்னும் நன்றாகத் தூசியைப் பிடிக்கும். ஆனால் ரெண்டு பக்கெட் வையுங்கள். ஒன்றில் அழுக்குத் துணியை அலசுங்கள், மற்றதில் நல்ல தண்ணி இருக்கட்டும். ஒரே பக்கெட்டில் முக்கி முக்கித் துடைத்தால் ஹாலில் எடுத்த தூசியைப் பெட்ரூமில் பூசுகிறோம் என்று அர்த்தம். ஃபேன் இறக்கைக்குப் பழைய தலையணை உறையை ஈரமாக்கி, இறக்கையை உறைக்குள் நுழைத்து இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும், கட்டிலில் கொட்டாது.

செருப்பை வாசலுக்கு வெளியே விடுவது எங்கள் வீட்டில் சாஸ்திரமாகச் சொல்லப்பட்டது. தொழிற்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு அது நேரடியான சுகாதாரம். வாசலில் கயிற்று மிதியடி ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஈரச்சாக்கு ஒன்று போட்டு வையுங்கள். கால்வழியாக வருகிற மண்ணில் நிறையக் குறையும்.

வேலைக்குப் போன சட்டை

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நின்று படியுங்கள். கும்மிடிப்பூண்டி சுற்றுவட்டாரத்தில் இரும்பு ஆலைகள் மட்டுமல்ல, பழைய பேட்டரியிலிருந்து ஈயம் பிரித்தெடுக்கும் ஆலைகளும் உண்டு. உலை, வெல்டிங், பேட்டரி, பெயின்ட் வேலைக்குப் போகிறவர்களின் உடையிலும் தலைமுடியிலும் ஷூவிலும் உலோகத் தூசி ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். அப்பா வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிற குழந்தைக்கும், தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கிற குழந்தைக்கும் அது போய்ச் சேரும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவரவில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். முடிந்தவரை ஆலையிலேயே குளித்து, உடை மாற்றிக்கொண்டு வருவது. இது யாரும் போடும் பிச்சை இல்லை. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 42, 43-வது பிரிவுகள் கைகால் கழுவும் வசதியையும், துணிகளை வைக்க, காயப்போட இடத்தையும் பற்றியே பேசின. அது அமையவில்லை என்றால், வீட்டுக்கு வந்ததும் வேலை உடையை உதறாமல் கழற்றித் தனி பக்கெட்டில் போடுங்கள். உதறினால் தூசி வீடு முழுக்கப் பரவும். குழந்தைத் துணிகளோடு சேர்த்து ஊறவைக்க வேண்டாம். வாஷிங் மெஷினில் போட்டால் அந்தத் துணி மட்டும் தனியாக ஒரு முறை ஓடட்டும். குளித்த பிறகு குழந்தையைத் தூக்கலாம், அஞ்சு நிமிஷம் பொறுத்தால் போதும்.

லைன் வீடுகளில் ஒரே ரூமில் நாலு பேர் தங்கியிருக்கிற ஒடிசா, பீகார் தம்பிகளுக்கு இதைச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். பொதுக் குளியலறைக்கு வரிசையில் நிற்கிறவரிடம் தனி பக்கெட் என்று சொன்னால் சிரிப்பார். வீட்டு உரிமையாளர்கள் வெளியே ஒரு குழாயும் ஒரு துவைக்கல்லும் கூடுதலாக வைத்துக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

தண்ணி ஏன் இவ்வளவு உப்பு?

ஆரணி ஆறு, கொசஸ்தலை ஆறு ரெண்டும் கடலைத் தொடுகிற பகுதி இது. மீஞ்சூர், பொன்னேரி பக்கம் பல வருடங்களாக ஆழ்துளைக் கிணறுகள் மூலம் அளவுக்கு மீறித் தண்ணி எடுத்ததில், கடல்நீர் நிலத்தடியில் உள்ளே நுழைந்துவிட்டது. கடல்நீர் ஊடுருவலுக்கு மாணவர்கள் படிக்கும் உதாரணமே மீஞ்சூர்தான். அங்கே பக்கத்தில் காட்டுப்பள்ளியில் 2010-ல் தொடங்கிய கடல்நீர் குடிநீர் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்டது, அந்தத் தண்ணி சென்னைக்குப் போகிறது. 2020 நவம்பரில் திறந்த கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கமும் சென்னைக் குடிநீருக்காகக் கட்டியதுதான். நமக்கு இன்னமும் போர் தண்ணி. சித்தி இதைச் சொல்லும்போது குரல் ஒரு கட்டை உயரும்.

கடினத் தண்ணியில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து நுரை வராமல் திரித்திரியாகப் பிரியும். நுரை வரவில்லையே என்று இன்னும் சோப்பு போடுகிறோம். தண்ணி காய்ந்த இடத்தில் வெள்ளைக்கறை. குழாய், ஷவர், பக்கெட், கழிப்பறைக் கோப்பை என்று எங்கும் படிகிறது. பெரும்பாலும் அது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல் போன்ற படிவு. ஆசிட் ஊற்றினால் பொங்கிக் கரைவது அதனால்தான்.

அதே வேலையை மென்மையான அமிலமும் செய்யும், நேரம் மட்டும் கூடுதலாகக் கேட்கும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு, லெமன் சால்ட் என்று கிடைப்பது சிட்ரிக் அமிலம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில் 2 மேசைக்கரண்டி கரைத்து, பழைய துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி அரைமணி நேரம் விடுங்கள். பிறகு பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஷவர் தலையைக் கழற்றி அதே கரைசலில் ஒரு இரவு போட்டால் அடைத்த துளைகள் திறக்கும். கெட்டிலுக்குள் படிந்த உப்புக்கும் இதுவே, கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டு ரெண்டு முறை நல்ல தண்ணியில் அலசினால் போதும். பித்தளை விளக்குக்குப் புளி இருக்கவே இருக்கிறது. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலத்தைத்தான் பாட்டிகள் பெயர் தெரியாமல் பயன்படுத்தினார்கள்.

கழிப்பறைக் கோப்பைக்கு இரவில் தண்ணியை முடிந்தவரை உள்ளே தள்ளிவிட்டு, 4 மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத்தை ஓரங்களில் தூவி விட்டு, காலையில் பிரஷ் போடுங்கள். பத்து வருடக் கறை ஒரே இரவில் போகாது. ஒரு வாரம் தொடர்ந்தால் போகும். அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை போதும்.

ஒரு எச்சரிக்கை. எலுமிச்சையோ வினிகரோ சிட்ரிக் அமிலமோ, எதுவானாலும் மார்பிள், மொசைக், கடப்பாக் கல் மூன்றிலும் படவே கூடாது. கடப்பாக் கல்லும் மார்பிளும் சுண்ணாம்பு வகைக் கற்கள், மொசைக்கில் மார்பிள் துண்டுகளும் சிமென்ட்டும் இருக்கின்றன. கறையைக் கரைக்கிற அமிலம் கல்லையும் கரைத்துச் சொரசொரப்பாக்கும். பழைய சமையலறை மேடைகள் பல கடப்பாக் கல்லில் இருப்பதால் இதைச் சொல்கிறேன். அவற்றுக்கு வெந்நீரும் ஒரு துளி பாத்திர சோப்பும் மட்டும். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்ட்டிலும் அமிலத்தை ஊறவிடாதீர்கள்.

துணி துவைக்க வேறு வழி. பக்கெட் தண்ணியில் ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா போட்டுக் கலக்கி ஐந்து நிமிடம் விட்டால், கால்சியம் அடியில் படிந்து தண்ணி மென்மையாகும். அப்புறம் சோப்புத்தூளைப் பாதியாகக் குறைக்கலாம். கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், சலவை சோடா தோலை உரிக்கும். பட்டு, கம்பளிக்கு வேண்டாம்.

அந்த பக்கெட் தண்ணி

சித்தி தெருவில் பாதாளச் சாக்கடை கிடையாது. கழிப்பறைத் தண்ணி செப்டிக் டேங்குக்கு, துவைத்த தண்ணியும் துடைத்த தண்ணியும் மழைநீர்க் கால்வாய்க்கு. கால்வாய் ஏரிக்கு, ஏரி வழிந்தால் ஆரணி ஆற்றுக்கு, ஆறு பழவேற்காட்டுக்கு. சில்காவுக்கு அடுத்து நாட்டின் ரெண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பூநாரைகளைப் பார்க்க நாம் போகிற இடம், இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கிறவர்கள் வாழ்கிற இடம்.

சோப்புத்தூளின் முக்கியச் சரக்கு லீனியர் ஆல்கைல் பென்சீன் என்ற பொருளிலிருந்து வருகிறது. பக்கத்து மணலியிலேயே தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலையில் அது தயாராகிறது. 1960-களுக்கு முன்பு பயன்படுத்திய வகை எளிதில் மக்காமல் மேலைநாட்டு ஆறுகளில் மலைமலையாக நுரை தள்ளியதால்தான், மக்கக்கூடிய இந்த வகைக்கு மாறினார்கள். ஆனால் இதிலும் ஒரு சிக்கல். காற்றோட்டம் உள்ள தண்ணியில் இது சீக்கிரம் சிதையும், காற்றில்லாத செப்டிக் டேங்கில் சிதையாது. நல்ல சுத்திகரிப்பு நிலையம் இருக்கிற நகரத்துக்குப் பொருந்துகிற 'மக்கும் தன்மை' நம்ம தெருவுக்கு அப்படியே பொருந்தாது. 2019 கடைசியில் மழைக்குப் பிறகு மெரினா கரை முழுக்க வெள்ளை நுரை ஒதுங்கியதும், குழந்தைகள் அதில் விளையாடியதும் நினைவிருக்கும். சரியாகச் சுத்திகரிக்காத கழிவுநீரோடு வந்த டிடர்ஜென்ட் எச்சம்தான் அது என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

செப்டிக் டேங்க் வேலை செய்வதே பாக்டீரியாவால். தினமும் பினாயில், பிளீச்சிங், ஆசிட் என்று ஊற்றினால் அவை செத்துப்போய், கழிவு மக்காமல் டேங்க் சீக்கிரம் நிரம்பும். வருடா வருடம் கழிவுநீர் லாரியைக் கூப்பிடுகிற வீடுகளில், "பாத்ரூமை எதை ஊத்திக் கழுவுறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

பூந்திக்கொட்டை: நல்லது, ஆனால் அப்பாவி இல்லை

நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை, பூவந்திக்கொட்டை என்று கேட்டால் தருவார்கள். தோலில் இருக்கும் சபோனின்தான் நுரை தருவது. சோப்பைப் போல இது கடினத் தண்ணியில் திரியாகப் பிரியாது. எனவே நம்ம போர் தண்ணிக்குச் சரியான ஜோடி.

15, 20 கொட்டையை உடைத்து விதையை எடுத்துவிட்டு, தோலை ஒரு லிட்டர் தண்ணியில் இரவு ஊறவையுங்கள். காலையில் கால்மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து வடிகட்டுங்கள். கொதிக்கும்போது பொங்கும், பெரிய பாத்திரமாக வையுங்கள். பாதி பக்கெட் தண்ணிக்கு ஒரு டம்ளர் கலந்து தரை துடைக்கலாம், துணி ஊறவைக்கலாம், பித்தளைக் கொலுசு வெள்ளிக் கொலுசும் கழுவலாம். வெளியில் வைத்தால் ரெண்டு, மூன்று நாளில் புளித்த வாடை வரும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். வெள்ளைத் துணியில் லேசாகப் பழுப்பு ஏறலாம், அதனால் வெள்ளைச் சட்டைக்கு நான் பயன்படுத்துவதில்லை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கடாய்க்கு இது போதாது, சலவை சோடா கலந்த வெந்நீரில் ஊறவையுங்கள். அலுமினியப் பாத்திரமென்றால் சோடா வேண்டாம், கறுத்துப்போகும்.

இதில் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. சபோனின் மீனுக்கு விஷம். மீனைப் பிடிக்கச் சபோனின் உள்ள காய்களையும் பட்டைகளையும் அரைத்துக் குட்டையில் கலக்கும் பழக்கம் உலகின் பல இடங்களில் இருந்திருக்கிறது. மண்ணில் இது சீக்கிரம் சிதையும் என்பது உண்மை. அதற்காக நேராகக் குளத்திலோ கால்வாயிலோ கொட்டக் கூடாது. கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பயங்கரமாக எரியும். 'இயற்கை' என்ற ஒரு சொல்லை வைத்து எதையும் நம்பிவிட முடியாது.

பயோ என்சைம், சோடா, வினிகர்

தாய்லாந்தைச் சேர்ந்த ரோசுகோன் பூம்பன்வோங் பிரபலப்படுத்திய முறை இது. இன்று நம்ம ஊர் மொட்டைமாடிகளில் எல்லாம் பாட்டில் பாட்டிலாக நிற்கிறது. கணக்கு 1:3:10. 100 கிராம் வெல்லம், 300 கிராம் எலுமிச்சை, சாத்துக்குடி, அன்னாசித் தோல், ஒரு லிட்டர் தண்ணி. கால்வாசி இடம் விட்டு பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைத்து, முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம், வெடிக்கும். 90 நாளில் தயார். ஒரு லிட்டர் தண்ணிக்கு 50 மில்லி ஊற்றித் தரை துடைக்கலாம்.

திருவள்ளூர்க்காரர்களுக்கு வெல்லம் கரைப்பது புதிதில்லை. வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் நோய் கரையட்டும் என்று வெல்லத்தைக் கரைத்துவிட்டு வருகிறவர்கள்தானே நாம்! ஆனால் பயோ என்சைமைக் குளத்தில் ஊற்றினால் குளம் சுத்தமாகிவிடும் என்று பரவுகிற வாட்ஸ்அப் செய்தியை நம்பாதீர்கள். அது சர்க்கரையும் அமிலமும் கலந்த கரைசல், அதிகம் ஊற்றினால் தண்ணியில் இருக்கும் ஆக்ஸிஜன்தான் குறையும். வீட்டில் அது செய்வது ஒரு மெல்லிய வினிகரின் வேலை. பிசுக்கும் வாடையும் போகும், கிருமிநாசினி என்று எண்ண வேண்டாம். அமிலம் என்பதால் மார்பிள், கடப்பாக் கல் விதி இதற்கும் உண்டு.

அடுத்தது ஆப்ப சோடாவையும் வினிகரையும் கலந்து பாட்டிலில் வைத்துக்கொள்ளும் யோசனை. கலந்ததும் நுரை பொங்குவதைப் பார்த்தால் ஏதோ பெரிதாக நடப்பது போலத் தெரியும். நடப்பது என்னவென்றால், காரமும் அமிலமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடுகின்றன. மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணி. சிங்க் துளையில் சோடா போட்டு மேலே வினிகர் ஊற்றினால், பொங்குகிற வேகத்தில் லேசான அடைப்பு நெகிழும், அதற்கு மட்டும் சரி. மற்றபடி தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். தேய்க்கச் சோடா, உப்புக்கறைக்கு வினிகர்.

உயிருக்கே ஆபத்தான கலவை

பாத்ரூம் கழுவும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. பிளீச்சிங் பவுடரிலும் வெள்ளைத் துணிக்கான பிளீச்சிலும் இருப்பது குளோரின். "ரெண்டையும் சேர்த்தா நல்லா போகும்" என்று சேர்த்தால் குளோரின் வாயு வரும். கதவு சாத்திய சின்ன பாத்ரூமில் அது நுரையீரலைச் சுட்டுவிடும். பிளீச்சோடு அமோனியா கலந்த திரவத்தைச் சேர்த்தாலும் விஷவாயுதான். தவறிக் கலந்துவிட்டால் கழுவி முடித்துவிடலாம் என்று உள்ளே நிற்காதீர்கள். உடனே வெளியே வந்து, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பெயரில்லாத பாட்டிலில் வருகிற ஆசிட்டில் எத்தனை சதவீதம் அமிலம் என்று விற்பவருக்கும் தெரியாது. ஆசிட் வீச்சு வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், வாங்குபவர் விவரத்தைப் பதிவு செய்யாமல் அமிலத்தைச் சில்லறையில் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவே கூடாது என்று உத்தரவிட்டது. தெருவில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்த ஆசிட்டைக் குழந்தை குடித்துவிடும் விபத்துகள் தனிக் கொடுமை. வீட்டில் இருந்தால் இன்றே எடுத்து உயரத்தில் பூட்டி வையுங்கள்.

அப்படியானால் பிளீச் வேண்டவே வேண்டாமா? வேண்டிய நேரம் உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது நம்ம மாவட்டத்தில் வீட்டுக்குள் கழிவுநீர் புகுந்த குடும்பங்கள் எத்தனை! அந்த மாதிரி நேரத்தில், அல்லது வீட்டில் யாருக்காவது வாந்தி பேதி என்றால், பயோ என்சைமை நம்பி உட்காரக் கூடாது. முதலில் சேற்றைச் சோப்புத் தண்ணியால் கழுவுங்கள். பிறகு 5 சதவீத பிளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணி 49 பங்கு கலந்து தரையில் பூசி 10 நிமிடம் விட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துத் துடைத்தெடுங்கள். அன்றன்றைக்குக் கலந்து அன்றே தீர்த்துவிடுங்கள். சாதாரண நாளில் தரைக்குக் கிருமிநாசினி தேவையே இல்லை, அழுக்கைக் கழுவினாலே பெரும்பாலான கிருமி போய்விடும்.

சில்லறை விஷயங்கள்

பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பர் பிளாஸ்டிக் இழை. தேயத் தேய அந்தத் துகள் எல்லாம் தண்ணியோடு போகிறது. பீர்க்கங்காய் முற்றினால் நாரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தேங்காய் நாரும் இருக்கிறது. அந்துருண்டையில் இருப்பது நாப்தலீன். ஜி6பிடி குறைபாடு உள்ள பச்சைக் குழந்தைகளுக்கு அந்த வாடை பட்ட துணியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும். குழந்தைத் துணி பீரோவில் வைக்காதீர்கள். துணியை வெயிலில் காயவைத்து எடுத்து வைத்தாலே பாதிப் பூச்சி வராது.

கடையில் வாங்குவதானால் 'கெமிக்கல் ஃப்ரீ' என்ற வார்த்தையைப் பார்த்து ஏமாறாதீர்கள், தண்ணியும் ஒரு கெமிக்கல்தான். இப்படிப் பச்சைப் பொய் சொல்லும் விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024-ல் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. 1991-ல் மண்பானைச் சின்னத்தோடு தொடங்கிய எக்கோமார்க் சோப்பு, டிடர்ஜென்ட்டுக்கும் உண்டு. கடையில் அபூர்வமாகத்தான் கண்ணில் படும்.

மழைத்தண்ணி டிரம்

கடைசியாக, சித்தி வீட்டில் போன ஐப்பசியில் நாங்கள் செய்தது. மொட்டைமாடிக் குழாய்க்கு அடியில் மூடி போட்ட 200 லிட்டர் டிரம் ஒன்று. மழைத்தண்ணி மென்மையான தண்ணி, கால்சியம் கிடையாது, கால்வாசி சோப்பிலேயே நுரை பொங்கும். ஆனால் இந்தப் பகுதியில் முதல் மழையைப் பிடிக்காதீர்கள். கூரையில் படிந்த கறுப்புத் தூசி எல்லாம் அதில்தான் வரும். முதல் கால்மணி நேரத் தண்ணியை விட்டுவிட்டு அப்புறம் பிடியுங்கள். குடிக்க வேண்டாம், துவைக்கவும் துடைக்கவும் மட்டும். வலையோ துணியோ கட்டி வைக்காவிட்டால் கொசு வரும்.

துவைத்த தண்ணி கால்வாய்க்குப் போகாமல் கொல்லையில் ரெண்டு கல்வாழையும் ஒரு வாழையும் நட்ட பள்ளத்துக்குத் திருப்பிவிட்டோம். பூந்திக்கொட்டைத் தண்ணி அங்கே போகலாம். சலவை சோடா போட்ட தண்ணியைத் தினமும் அங்கே விட்டால் மண் உவர்ந்து போகும், வேலைச் சட்டை அலசிய தண்ணியும் அங்கே வேண்டாம். அதில் விளைகிற வாழைக்காயைத்தான் நாளைக்குப் பொரிக்கப் போகிறோம். அந்தத் தண்ணிக்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. ஆலையிலேயே துவைத்துக் கொடுத்தால்தான் வழி.

மிச்சமிருந்த ஆசிட் பாட்டிலை என்ன செய்வது என்று சித்தி கேட்டார். சிங்க்கில் கொட்ட வேண்டாம், குப்பையோடும் போட வேண்டாம். மருந்து பாட்டில், டியூப்லைட், பழைய பேட்டரி போல இதுவும் வீட்டு அபாயக் கழிவு. திடக்கழிவு விதிகளின்படி உள்ளாட்சிதான் இதைத் தனியாக வாங்கி, அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்ப வேண்டும். தொழிற்சாலைகளின் அபாயக் கழிவுகளைப் புதைக்கும் மையம் இருப்பதும் நம்ம கும்மிடிப்பூண்டி சிப்காட்டில்தான். "இங்கிருந்து எட்டிப் பாத்தா தெரியற தூரம், இந்த ஒரு பாட்டில் அங்க போக எத்தனை நாளாகுமோ" என்றார் சித்தப்பா. இப்போதைக்கு அது பரண்மேல், லேபிள் ஒட்டி, பூட்டிய டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது. தூய்மைப் பணியாளர் அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.